அமுக்கிப் பார்க்கச் சொன்னது நான்

சிறுநீர் வெளியேற டியூப் போடுவது எப்படி என்று உங்களுக்குச் சொல்லித்தர நான் இதை எழுதவில்லை. அதற்கு இப்போது ரப்பர் பொம்மை இருக்கிறது, வீடியோ இருக்கிறது, என்னைவிடக் கை நடுங்காத ஆட்கள் இருக்கிறார்கள். யூராலஜி பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதிக்கொடுங்கள் என்று நர்சிங் சூப்பிரண்டு மேடம் போன் செய்தபோது முதலில் மாட்டேன் என்றுதான் சொன்னேன். ஓய்வுபெற்றவன் பேனாவை எடுத்தால் தன் வீரப் பிரதாபத்தைத்தான் அளப்பான், கேட்கிறவர்களுக்குக் கொட்டாவி வரும். ஒரு வாரம் யோசித்ததில், முப்பத்துநாலு வருட வேலையில் என்னை இன்னும் விடாமல் துரத்துகிற ஒரே ஒரு தப்பை மட்டும் எழுதலாம் என்று தோன்றியது. ஊசி மாற்றிப் போட்டதோ மருந்து மாற்றிக் கொடுத்ததோ இல்லை. வாயால் செய்த தப்பு. அதுவும் நல்ல எண்ணத்தோடு.

நான் பயந்த சுபாவம். கோலார் தங்கவயலில் பிறந்தவன். அப்பா சுரங்கத்துக்குள் இறங்கினால் அவர் மேலே வரும்வரை அம்மா ஒரு வாய் சாப்பிடமாட்டார். அந்த வீட்டில் வளர்ந்தவனுக்கு எதைப் பார்த்தாலும் என்ன ஆகுமோ என்றுதான் முதலில் தோன்றும். வார்டில் சலைன் பாட்டிலை மூன்று தரம் தொட்டுப் பார்ப்பேன். ‘டபுள் செக் பிரதர்’ என்று எனக்குப் பட்டப்பெயர். ஆண் நர்சுகளை இங்கே பிரதர் என்று கூப்பிடுவது உங்களுக்குத் தெரியும். முன்னால் ‘டபுள் செக்’ சேர்ந்தது என் ராசி.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நோயாளிக்கு டியூபை எடுத்துவிட்டு, “போயிட்டு வாங்க சார்” என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். ஐந்து நாள் கழித்துச் சீழும் குளிர்ஜுரமுமாக ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பிழைத்துக்கொண்டார். அப்போது வார்டில் இருந்த மூத்த சிஸ்டர் ஒருவர், அத்தனை பேர் முன்னாலும் என்னை நிற்கவைத்து, “அனுப்பும்போது நாலு வார்த்த சொல்லி அனுப்ப மாட்டியா? வாயில என்ன கொழுக்கட்டையா?” என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான். அன்றிலிருந்து டியூப் எடுத்த ஒவ்வொரு ஆணிடமும் ஒரே பாட்டைப் பாடினேன்:

“நல்லா தண்ணி குடிங்க. எரிச்சல் ரெண்டு மூணு நாள் இருக்கும், பயப்படாதீங்க. அப்பப்ப நுனியில அமுக்கிப் பாருங்க. சீழோ ரத்தமோ ஒரு சொட்டு வந்தாலும் ஓடி வந்துடணும். அசால்ட்டா மட்டும் இருந்துடாதீங்க.”

இதில் என்ன தப்பு என்று உங்களுக்குத் தெரிகிறதா? எனக்குப் பல வருடங்கள் தெரியவில்லை.

ரவி என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயர் அதுவல்ல. வயது முப்பத்தெட்டு, வீடு ஆனேக்கல். அந்தப் பக்கத்தில் வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் க்யூசி, அதாவது செய்த சாமானைச் சோதித்துப் பார்த்து அனுப்புகிற வேலை. நான் சொல்லப்போகிற நாளுக்கு ஒரு வருடம் முன் அவருக்கு எங்கள் ஆஸ்பத்திரியில் சிறுநீரகக் கல் எடுத்தார்கள், இரண்டு நாள் டியூப் இருந்தது. எடுத்தவன் நான்தான் என்று ஃபைலில் என் கையெழுத்து சொல்கிறது. முகம் எனக்கு ஞாபகம் இல்லை. ஆயிரத்தில் ஒருவர்.

அதற்கப்புறம் அவர் எங்கள் ஓபிக்கு வர ஆரம்பித்தார். நுனியில் எரிச்சல். அடிவயிற்றில் கனம். போய்விட்டு வந்த மறுநிமிடமே இன்னும் மிச்சம் இருக்கிற மாதிரி ஓர் உணர்வு. யூரின் டெஸ்ட் சுத்தம். கல்ச்சரில் கிருமி இல்லை. ஸ்கேன் சரி. சிறுநீர் எந்த வேகத்தில் வருகிறது என்று மெஷினில் பார்த்தோம், அதுவும் சரி. நடுவில் அவராகவே மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாட்டிக் வாங்கி மூன்று கோர்ஸ் முடித்திருந்தார். ஒவ்வொரு முறையும் ஃபைல் கொஞ்சம் தடிக்கும், ஆள் கொஞ்சம் இளைப்பார்.

எங்கள் பிரிவின் தலைமை மருத்துவர் ஒரு பெண்மணி. துமகூரு பக்கத்துக் கன்னடக்காரர், தமிழை எங்கள் வார்டில்தான் கற்றுக்கொண்டார். இந்த இடத்து வலியை ஒரு பெண்ணிடம் சொல்ல ஆண்களுக்குக் கூச்சம். அதனால் டாக்டரம்மாவிடம் பாதி சொல்லிவிட்டு, வெளியே வந்து மீதியைக் கதவோரம் என்னிடம் சொல்வார்கள். அந்த மீதியை நான் திரும்ப உள்ளே கொண்டுபோய்ச் சேர்ப்பேன். ரவி மட்டும் என்னிடம் எதுவும் சொன்னதில்லை. என்னைப் பார்த்தால் மரியாதையாகத் தலையசைப்பார், அவ்வளவுதான். கூச்சக்காரர் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு எல்லாம் தெரியும் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் விளங்கியது.

அவர் மனைவி லதா (இதுவும் மாற்றிய பெயர்) கூடவே வருவார், உள்ளே வரமாட்டார். வராந்தாவில் உட்கார்ந்திருப்பார். சிறுநீர்ப் பாதையில் எங்காவது சுருக்கம் இருக்கிறதா என்று கேமரா விட்டுப் பார்க்கும் ஸ்கோப்புக்கு நாள் குறித்த அன்று, அவர் என்னை மருந்தகத்துக்குப் போகிற வழியில் மடக்கினார்.

“அண்ணா, ஒண்ணு கேப்பேன், தப்பா நெனைக்காதீங்க. இது இவரு வேற எங்கயாவது போய் வாங்கிக்கினு வந்த வியாதியா?”

“டாக்டர் பாத்துக்கினுதாம்மா இருக்காங்க, கவலப்படாதீங்க” என்றேன். நோயாளியைக் கேட்காமல் மனைவியிடமும் நாம் எதையும் பேசக் கூடாது. ஆனாலும் இந்தப் பதில் எவ்வளவு வெற்றுப் பதில் என்று சொல்லும்போதே தெரிந்தது.

“பதினோரு மாசமா ஹால்ல தனியா பாய் போட்டுக்கினு படுக்கறாரு. என் சோப்பு வேற, அவரு சோப்பு வேற. அவரு டவலத் தொட்டா கத்தறாரு. மணிக்கொரு தரம் பாத்ரூமுக்குள்ள போய்த் தாப்பாள் போட்டுக்கறாரு. யாருகிட்டயோ போன் பேசறாருன்னு நான் கதவுல காது வெச்சிக் கேட்டேண்ணா. வெக்கமா இருக்குது சொல்ல.” பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, முடிவு செய்துவிட்டவரின் குரலில் சொன்னார்: “இந்தக் கேமராவுல எதாச்சும் இருந்துச்சின்னா, நான் கூட இருந்து பாத்துக்குவேன். ஒண்ணும் இல்லன்னு வந்துச்சின்னா, ஓசூர்ல எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். ஒடம்புல ஒண்ணும் இல்லன்னா அப்ப மனசுலதானே என்னவோ இருக்குது?”

எத்தனையோ பேர் ‘ரிப்போர்ட்டில் ஒன்றும் இருக்கக் கூடாது’ என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். புருஷனுக்கு ஏதாவது இருந்தால்தான் குடும்பம் தப்பும் என்ற நிலையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்ததை அன்றுதான் பார்த்தேன். அந்த வாரம் முழுக்க எனக்கு அதே நினைப்பு. ஸ்கோப்பில் ஒன்றும் இருக்காது என்று உள்ளுக்குள் ஏறக்குறைய நிச்சயமாகத் தெரிந்தது. அதுதான் பயமாக இருந்தது.

ஸ்கோப் நாள் வந்தது. அன்று நாலு கேஸ், ரவி இரண்டாவது. அவரைத் தயார் செய்யும் பொறுப்பு எனக்கு. ஒன்பதே முக்காலுக்குச் சிறுநீர் கழித்துவிட்டு வந்து கவுனை மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். பிபி பார்த்தேன், கையெழுத்து வாங்கினேன். சரியாகப் பத்து மணிக்குத் தலையணைக்கு அடியில் அவர் போன் கர்ரென்று அதிர்ந்தது. அதை அணைத்துவிட்டு எழுந்தார்.

“பிரதர், ஒரு நிமிஷம் பாத்ரூம் போய்ட்டு வந்துடறேன்.”

“இப்பதானேப்பா போனீங்க? அதுக்குள்ள முட்டுதா?”

“யூரினுக்கு இல்ல பிரதர். செக்கிங்.”

“என்ன செக்கிங்?”

நான் ஏதோ கேலி செய்கிறேன் என்று நினைத்து லேசாகச் சிரித்தார். “நீங்க சொன்னதுதான் பிரதர். அமுக்கிப் பாக்கறது.”

டியூப் எடுத்தவர்களிடம் நான் பாடுகிற பாட்டில் ஒரு வரி அது. அவரைத் திரும்ப உட்காரவைத்து, எப்போதெல்லாம் பார்க்கிறார் என்று கேட்டேன். கழற்றி மடித்து வைத்திருந்த சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துக் கொடுத்தார். கோடு போட்டு மூன்று கட்டம்: தேதி, மணி, வந்தது. ‘வந்தது’ கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை, பக்கம் பக்கமாக, ‘இல்லை.’ அங்கங்கே ‘லேசா ஈரம்’ என்று எழுதி ஒரு கேள்விக்குறி.

“காலைல ஆறுலேர்ந்து படுக்கறவரைக்கும், ஒரு மணிக்கு ஒருவாட்டி. ஃபாக்டரில மெஷின்லேர்ந்து மணிக்கு அஞ்சு பீஸ் எடுத்து அளந்து எழுதணும் பிரதர். அதோட இதையும் சேத்துக்கினேன், மறக்காதுன்னு. போறப்பவே ஸ்வல்ப யூரினும் போயிடுவேன், அப்பதான் சரியாத் தெரியும். நீங்க அப்பப்பன்னு சொன்னீங்க. அப்பப்பன்னா எங்க லைன்ல மணிக்கு ஒண்ணுதான்.”

“எவ்வளவு அழுத்திப் பாக்கறீங்க?”

என் சுட்டுவிரலைப் பிடித்துக் காட்டினார். அடியிலிருந்து நுனிவரை கட்டைவிரலால் அழுத்தி இழுத்தார். “மூணுவாட்டி. நடுவுல தங்கியிருந்தா வெளிய வரணும் இல்ல?” என் நகம் வெளுத்துப் போயிற்று. உண்மையிலேயே வலித்தது. ஒரு நாளைக்குப் பதினாறு பதினேழு தரம், பதினோரு மாதம்.

நான் பார்த்தேன். அடிப்பக்கம் சிவந்து, தடித்து, இரண்டு பக்கமும் விரல் பதிகிற இடம் கன்றிப் போயிருந்தது. ஓபியில் அந்தச் சிவப்பைப் பார்த்ததுண்டு. டெட்டால் மாதிரி ஏதோ ஊற்றிக் கழுவுகிறார் போல என்று விட்டுவிட்டோம். கழுவிக்கொண்டும் இருந்தார் என்பது வேறு விஷயம்.

பக்கத்து அறையில் முதல் கேஸ் முடியப் பத்து நிமிடம் இருந்தது. அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றித்தான் உங்களிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். என் முதல் யோசனை ரவியைப் பற்றியது இல்லை, என்னைப் பற்றியது. ஓய்வுக்கு இன்னும் சில வருடம்தான். கெட்ட பெயர் எடுக்காமல் வந்துவிட்டேன். வாயைத் திறந்தால் விசாரணை வருமா? எழுதிக் கேட்பார்களா? உடனே மனசு சாமர்த்தியமாக வக்கீல் வேலை பார்க்கத் தொடங்கியது. இதுதான் காரணம் என்று யார் சொன்னது? நிஜமாகவே சுருக்கம் இருக்கலாமே? ஸ்கோப் நடக்கட்டும், சாயங்காலம் தனியாகக் கூப்பிட்டு ‘இனிமே அமுக்காதீங்கப்பா’ என்று காதோடு காதாகச் சொல்லிவிட்டால் முடிந்தது. யாருக்கும் நஷ்டமில்லை.

அப்போது வராந்தாவில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த லதா ஞாபகத்துக்கு வந்தார். ஸ்கோப்பில் ஒன்றும் இல்லை என்று வந்தால் சாயங்காலம் அவர் ஓசூர் பஸ்ஸில் இருப்பார். கன்றிப்போன பாதையில் கேமராவை விட்டால் இன்னும் நாலு நாள் எரியும், எரிந்தால் ரவி இன்னும் அழுத்திப் பார்ப்பார். இரண்டையும் தெரிந்துகொண்டே நான் அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போவதா?

நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். டாக்டரம்மா கேஸ் முடித்துக் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“மேடம், ரெண்டாவது கேஸ் பத்தி ஒரு நிமிஷம்.”

“ஏன் பிரதர், பிபி ஏறிடுச்சா?”

“அவருக்கு இல்ல மேடம். எனக்கு.”

சொன்னேன். நோட்டைப் புரட்டினார். “எனக்குத் தமிழ் எழுத்து வராது. நீங்க படிங்க” என்றார்.

படித்தேன். “ஆறு மணி, இல்லை. ஏழு மணி, இல்லை. எட்டு மணி, இல்லை.” ஒரு பக்கம் முடிந்தது. நிறுத்தினேன். “இன்னும்” என்றார். அடுத்த பக்கம். பண்டிகை நாள், ஞாயிற்றுக்கிழமை, எதுவும் விடவில்லை. டாக்டரம்மா கையை நீட்டி நோட்டை மூடினார்.

“யாரு இவர்கிட்ட இப்படிச் செய்யச் சொன்னது?”

“நான்தான் மேடம். டியூப் எடுத்த அன்னிக்கு.”

“இவர்கிட்ட மட்டுமா?”

அதுவரை அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. “எல்லார்கிட்டயும் மேடம்” என்றேன்.

“அய்யோ தேவரே” என்று கடவுளைக் கூப்பிட்டபடி உட்கார்ந்துவிட்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன். “பதினோரு மாசமா நானும் பாக்கறேன். வீட்ல இதுக்கு நீங்க என்ன பண்றீங்கன்னு நானும் ஒரு நாள் கேக்கல” என்றார். பிறகு எழுந்துபோய் ரவியைத் தானே பரிசோதித்துவிட்டு, அறைக்கு வெளியே வந்து தீர்மானமாகச் சொன்னார்: “இன்னிக்கு ஸ்கோப் வேண்டாம். ஆறு வாரம் அந்த இடத்தை யாரும் தொடக் கூடாது. அவரும் கூடாது, நாமும் கூடாது. அதுக்கப்புறமும் எரிஞ்சா ஸ்கோப் போடலாம். நடுவுல ஜுரம், ரத்தம், யூரின் அடைப்பு, எது வந்தாலும் அன்னிக்கே வரணும். இத அவருக்கு நீங்களே போய்ச் சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் அவர் கேப்பார். அதுதானே இங்க பிரச்சனையே?”

போனேன். நோட்டை அவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் முதல் வாக்கியத்திலேயே சொதப்பினேன். “ரவி, இது கிருமி இல்லப்பா. நீங்களே பண்ணிக்கினது.”

அவர் முகம் விழுந்துபோனது. “அப்ப வலி பொய்யா பிரதர்? நான் நடிக்கறேனா?”

நாக்கைக் கடித்துக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். “இல்ல. வலி நிஜம். புண்ணும் நிஜம், நான் கண்ணால பாத்தேன். கண்ணுல தூசு விழுந்துச்சான்னு மணிக்கொரு தரம் கண்ணைக் கசக்கிப் பாத்தா கண்ணு என்ன ஆகும்?”

“செவக்கும்.”

“தூசு இல்லன்னாலும்?”

ரவி கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார்.

“கசக்கச் சொன்னவன் நான். எப்ப நிறுத்தணும்னு சொல்லாம விட்டவனும் நான். ரெண்டு மூணு நாளைக்குன்னு ஒரு வார்த்த சேத்துச் சொல்லியிருந்தா நீங்க நாலாம் நாள் விட்டிருப்பீங்க. மன்னிச்சுக்கங்கப்பா.”

ரவி நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். மெல்லக் கேட்டார்: “அப்ப இது ஒட்டாதா?”

“எது?”

“பொண்டாட்டிக்கு. ஒட்டிக்குமோன்னுதான் நான் பக்கத்துலயே விடல. சோப்பு, டவல் எல்லாம் தனியா வெச்சிக்கினேன். சொன்னா எங்க போய் வாங்கிக்கினு வந்தேன்னு கேப்பா. எங்கயும் போவல பிரதர். அத எப்படி நிரூபிக்கறது?”

ஒரே வீட்டில் இரண்டு பேர், ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு, ஒருவருக்கொருவர் பயந்து பதினோரு மாதம் இருந்திருக்கிறார்கள். அவர் சம்மதம் கேட்டுவிட்டு லதாவை உள்ளே அழைத்து வந்தேன். நான் பேசவில்லை. அவரே சொன்னார், திக்கித் திக்கி, நோட்டைக் காட்டி. லதா நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பாத்ரூமுக்குள்ள இதத்தான் பண்ணிக்கினு இருந்தியா?” மரியாதையெல்லாம் பறந்துவிட்டது. “எனக்கு ஒட்டிக்கும்னு பயந்தா? நான் இங்க எவ அவன்னு பேரு தேடிக்கினு இருக்கேன்! வாயத் தொறந்து சொல்லியிருந்தா என்ன?” நோட்டாலேயே அவர் தோளில் ஓர் அடி வைத்தார். அடித்துவிட்டு அழுதார். நான் திரைச்சீலையை இழுத்துவிட்டு வெளியே வந்தேன். எனக்கும் அழுகை வந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

அத்தோடு சுபம் என்று நினைத்துவிடாதீர்கள். அமுக்கச் சொல்ல எனக்கு ஒரு நிமிடம் ஆயிற்று, நிறுத்தவைக்க ஆறு வாரம் ஆயிற்று. போனில் இருந்த அலாரத்தை முதலில் அழித்தோம். நோட்டை லதா பறிமுதல் செய்தார். கிருமிநாசினி போயிற்று, வெறும் தண்ணீர்தான். அவராக மாத்திரை வாங்குவது நின்றது. ஐந்து காபி இரண்டாயிற்று. சாயங்காலம் டப்பில் வெதுவெதுப்பான தண்ணீரில் கால்மணி நேரம் உட்காரச் சொன்னோம். எப்போதும் பயத்தில் கீழ்த்தசைகளை இறுக்கிப் பிடித்தே பழகியிருந்தார், அதைத் தளர்த்த பிசியோதெரபிக்கு அனுப்பினார் டாக்டரம்மா. மணிக்கொரு தரம் போய்ப் பழகிய சிறுநீர்ப்பைக்குக் கொஞ்சம் சேர்ந்தாலே நிறைந்த மாதிரி தோன்றும். ஆகவே ஒன்றரை மணி, இரண்டு மணி, இரண்டரை மணி என்று இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டினோம்.

முதல் நாள் மட்டும் எட்டு போன். “பிரதர், பதினொண்ணு ஆச்சு. கை தானாப் போவுது.” “பன்னெண்டு ஆச்சு பிரதர். இப்ப மட்டும் ஒரு வாட்டி பாத்துக்கட்டுமா?” எடுக்காவிட்டால் என்ன செய்துகொள்வாரோ என்று சாப்பிடும்போதுகூடப் போனைப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். மூன்றாவது வாரம் எரிச்சல் திடீரென்று கூடியது. பயத்தில் ஒரு தரம் அழுத்திப் பார்த்துவிட்டு, பாவமன்னிப்புக் கேட்பவர் மாதிரி போன் செய்தார். அவருக்கு ஆறுதல் சொன்னேனே தவிர, எனக்குள் கிலி. ஒருவேளை நான் நினைத்தது தப்போ? உள்ளே வேறு ஏதாவது இருந்து, என் பேச்சைக் கேட்டு ஸ்கோப்பைத் தள்ளிப்போட்டோமோ? ஒரே விஷயத்தில் ஒரு மனுஷனுக்கு இரண்டு தரம் தப்பு செய்துவிட்டேனோ? டாக்டரம்மாவிடம் ஓடினேன். யூரின் டெஸ்ட் எடுத்தார், மெஷினில் வேகம் பார்த்தார், இரண்டும் சரி. “ஆறு வாரம்னு சொன்னேன் பிரதர், மூணு வாரம்னு சொல்லல. நீங்களும் மணிக்கொரு தரம் அமுக்கிப் பாக்காதீங்க” என்றார். எனக்கு உறைத்தது.

ஆறாவது வாரம் இரண்டு பேரும் சேர்ந்து வந்தார்கள். சிவப்பு இல்லை, தடிப்பு இல்லை. எரிச்சல் பெரும்பாலும் போய்விட்டது, நெடுநேரம் பஸ்ஸில் உட்கார்ந்தால் மட்டும் கொஞ்சம் தெரிகிறது என்றார். ஸ்கோப் தேவைப்படவில்லை. லதா ஓசூருக்குப் போனார், அண்ணன் வீட்டு விசேஷத்துக்கு, புருஷனையும் கூட்டிக்கொண்டு.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே வருகிற எல்லா எரிச்சலுக்கும் ‘நீங்க அமுக்கறதுதான் காரணம்’ என்று கிளம்பிவிடாதீர்கள், கையெடுத்துக் கும்பிடுகிறேன். கிருமி இருக்கும், சுருக்கம் இருக்கும், டெஸ்டில் ஒன்றும் தெரியாமலே சிறுநீர்ப்பை வருடக்கணக்கில் வலிக்கிறவர்கள் இருப்பார்கள், பெரிய நோயும் இருக்கும். அதைக் கண்டுபிடிப்பது டாக்டர் வேலை. நம் வேலை, ‘இதுக்காக வீட்ல தினம் என்னென்ன பண்றீங்க, ஒண்ணு விடாம சொல்லுங்க’ என்று கேட்டு, பதில் முடியும்வரை குறுக்கே பேசாமல் இருப்பது. ஒன்றைச் செய்யச் சொல்லி அனுப்பினால் எத்தனை தரம், எத்தனை நாள், எந்த நாளோடு நிறுத்த வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நான் என் பயத்தை மற்றவர் தலையில் கட்டி அனுப்பிவிட்டு, கடமையைச் செய்துவிட்டதாக நிம்மதியாக இருந்தவன்.

நிம்மதி போன பிறகு, டாக்டரம்மா அன்று கேட்ட கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. ‘இவர்கிட்ட மட்டுமா?’ அவரிடமே அனுமதி வாங்கி, டியூப் எடுத்து அனுப்பியவர்களின் பெயர்களைப் பழைய பதிவேடுகளிலிருந்து தேடி எழுதினேன். மத்தியானம் ஓபி முடிந்ததும் வார்டு போனில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். பல நம்பர்கள் உபயோகத்தில் இல்லை. ஒருவர் யூரின் என்றதும் ராங் நம்பர் என்று வைத்துவிட்டார். பெரும்பாலானவர்கள் சிரித்தார்கள். “அமுக்கிப் பாக்கச் சொன்னீங்களா? எப்ப பிரதர்? நான் அன்னிக்கு ஆட்டோ கெடைக்குமான்னு பாத்துக்கினு இருந்தேன்.” நாம் சொல்வதை இத்தனை பேர் காதிலேயே வாங்குவதில்லை என்பதற்காக நான் சந்தோஷப்பட்டது அந்த இரண்டு வாரம்தான்.

பட்டியல் முடியும் தறுவாயில் ரிச்சர்ட்ஸ் டவுன் நம்பர் ஒன்று. ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார். தனியாக இருப்பவர். டியூப் எடுத்து மூன்று வருடம் ஆகியிருந்தது. யார் என்று சொன்னதும், “அடடே, பிரதரா! நல்லா இருக்கீங்களா?” என்றார். மற்றவர்களைப்போல் சிரித்துவிட்டு வைத்துவிடுவார் என்ற தைரியத்தில், இன்னும் அமுக்கிப் பார்க்கிறீர்களா என்று கேட்டேன்.

“பாக்கறேனே. காலையில, மத்தியானம், ராத்திரி. ஒரு நாளும் விட்டதில்ல. நீங்க அவ்வளவு அக்கறையாச் சொன்னீங்களே.”

“எரிச்சல் இருக்குதா சார்?”

“இருக்கு. வயசாயிடுச்சு இல்லையா, இப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டேன். ஏன் பிரதர், நிறுத்திடலாமா?”

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே மறுபடி பேசினார்.

“ஒரு நிமிஷம் லைன்ல இருங்க. பேப்பரும் பேனாவும் எடுத்துட்டு வந்துடறேன். நீங்க சொல்றத அப்படியே எழுதிக்கறேன்.”

போனைக் கீழே வைக்கும் சத்தமும், அவர் செருப்பு மெதுவாக நடந்து போவதும், எங்கோ ஓர் இழுப்பறையைத் திறப்பதும் கேட்டன. அவர் திரும்பி வருவதற்குள், அவரிடம் சொல்ல வேண்டியதை ஒவ்வொரு வார்த்தையாக எனக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.